கலங்கலில் கேட்கும் காது: எண்ணெய்க் கிணற்றில் அல்ட்ராசவுண்டை எவ்வளவு நம்பலாம்?

பாகலூர் பக்கம் போர்வெல் மக்கர் பண்ணினால் கேமரா வண்டியைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளில் அப்படிக் காத்திருக்கவே முடியாது. பாகலூரின் கெட்டிப் பாறையில் காற்றழுத்தத்தால் துளை போடுகிறார்கள். அங்கேயோ துளை முழுக்க பெண்டோனைட் களிமண்ணும் பேரைட் தூளும் கலந்த குழம்பு ஓடும். பிட்டைக் குளிர்விப்பது, பாறைத் தூளை மேலே கொண்டுவருவது, எரிவாயு சீறாமல் தன் எடையால் அமுக்குவது எல்லாம் அதன் வேலை. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கும் பேரைட்டில் பெரும்பகுதி போவது இதற்குத்தான்.

இந்தக் குழம்பில் கேமரா குருடு. அதனால்தான் அல்ட்ராசவுண்ட். ஆனால் ஸ்கேன் சென்டரின் மெகாஹெர்ட்ஸ் அலை இங்கே செல்லுபடியாகாது. துகள்கள் ஒலியைச் சிதறடிக்கும், குழம்பு உறிஞ்சும், அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும். ஆகவே 200 முதல் 700 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வருகிறார்கள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எதிரொலி திரும்பும். வேகமும் ஒரு தலைவலி. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எண்ணெய் கலந்த குழம்பில் அதைவிடக் குறைவு. ஆழத்தில் சூடும் அழுத்தமும் அதையும் மாற்றும். வேகம் தப்பானால் தூரமும் தப்பு. அதனால் கருவி இறங்கும்போதே குழம்பில் ஒலியின் வேகத்தை அளந்துகொண்டு போகும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? இரும்புக் குழாய்க்குப் பின்னால் சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக. ஒலி குழாயைத் தட்டும். பின்னால் சிமென்ட் இருந்தால் அதிர்வு சட்டென அடங்கும். காலியாக இருந்தால் ரீங்காரம் நீளும். டைல்ஸைத் தட்டிப் பார்க்கும் கொத்தனார் வித்தைதான். அந்தச் சிமென்ட் விட்டுப்போனால் எரிவாயுவோ உப்புநீரோ நிலத்தடி நீருக்கு ஏற வழி கிடைக்கும். குழம்பு கனமாக இருந்தால் எதிரொலி பலவீனமாகி, 'சிமென்ட் நல்லா இருக்கு' என்ற முடிவே சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

2020-ல் தமிழக அரசின் வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே நடப்பவை தொடர்கின்றன. அந்தக் கிணறுகளுக்குச் 'சோதித்துவிட்டோம்' என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் திரவத்தில், என்ன எடையில், எந்த அதிர்வெண்ணில் சோதித்தார்கள், எந்த ஆழத்தில் எதிரொலி வரவில்லை என்பதெல்லாம் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் கிடைக்கட்டும். கம்பெனி ரகசியம் என்பார்கள். எண்ணெய் எங்கே, எவ்வளவு என்பது ரகசியமாகவே இருக்கட்டும். குடிநீர் மட்டத்தைக் கடக்கும் குழாயின் சிமென்ட்டில் என்ன ரகசியம்?