நாற்றங்காலில் நிற்கும் காலம்

“இன்னும் கீழ் லீகில்தான் ஆடுகிறானா?” ஐஸ் ஹாக்கி ஆடும் இளைஞனைப் பெற்ற ஒரு கனடா நாட்டுத் தாயை இதைவிட வருத்தும் கேள்வி வேறு இருக்க முடியாது. கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆயினும் கீழ்ப்படியில் கழியும் ஆண்டுகள் வீணான ஆண்டுகள் என்னும் எண்ணம் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

நாம் அறிந்த ஹாக்கி தரையில் ஆடுவது. இதுவோ உறைந்த பனிக்கட்டித் தளத்தில், கத்தி பொருத்திய காலணியோடு வழுக்கிச் சென்று, பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டை அடித்து ஆடும் ஆட்டம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதன் உச்சிப்படி நேஷனல் ஹாக்கி லீக். அதில் 32 அணிகள். அதற்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீகிலும் 32 அணிகள். மேலே உள்ள ஒவ்வோர் அணிக்கும் கீழே ஒரு துணை அணி உண்டு. அதைப் ‘பண்ணை அணி’ என்று அந்நாட்டார் அழைக்கின்றனர். நம் வழக்கில் நாற்றங்கால் என்றால் இன்னும் பொருந்தும்.

ஆண்டுதோறும் பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை மேல் லீக் அணிகள் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. 224 பெயர்கள் வாசிக்கப்படும். வாசித்த அன்று வீட்டில் விருந்துதான்! ஆனால் அவர்களில் அதே ஆண்டில் மேலே போய் ஆடுபவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 2005-இல் சிட்னி கிராஸ்பி கீழ் லீகில் ஒரு நாளும் ஆடாமல் நேரே மேலே சென்றார். அவர் போன்றவர் அரிது. மேல் லீகில் ஆடுவோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இந்த நாற்றங்காலைக் கடந்து வந்தவர்களே.

இங்கிலாந்துக் கால்பந்தில் வென்ற அணியே மேல் பிரிவுக்கு ஏறும். தோற்ற அணி இறங்கும். இங்கே அப்படியில்லை. அணி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆள்தான் ஏறுவான். ஆகவே தன் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனைப் பருவத்தின் நடுவிலேயே பறிகொடுப்பதுதான் கீழ் லீக் பயிற்சியாளரின் வெற்றி. விசித்திரமான வேலை அல்லவா? நம் ஆசிரியைகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. கோல் காவலர் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் அனுபவம் குறைந்தவராக இருக்க வேண்டும் என்றொரு விதியும் அங்கு உண்டு. எஞ்சிய இடங்களில் ஆடும் மூத்தவர்கள் இளையோருக்கு வழிகாட்டுகிறார்கள்.

டெட்ராய்ட் அணியை நெடுங்காலம் நடத்திய கென் ஹாலண்ட், இளைஞர்கள் பழுத்தால் போதாது, மிகப் பழுத்த பிறகே மேலே வர வேண்டும் என்ற கொள்கை உடையவர். 2008-இல் நான்காம் சுற்றில் தேர்வான குஸ்டாவ் நைக்விஸ்ட், 2013-14 பருவத்தைக்கூடக் கீழணியான கிராண்ட் ராப்பிட்ஸில்தான் தொடங்கினார். பிறகு மேலே வந்து 57 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்தார். தடியால் அடித்துக் கனிய வைத்த கனி இப்படி இனித்திருக்குமா?

ஜோர்டன் பின்னிங்டனின் கதை இதைவிடப் பெரியது. இவர் கோல் காவலர். 2011-இல் செயின்ட் லூயிஸ் அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கடந்தும், இடையில் ஓரிரு முறை மாற்றாளாக இறங்கியதைத் தவிர, மேலே இடம் கிடைக்கவில்லை. 2017-18 பருவத்தில் பாஸ்டன் அணியின் கீழணியான பிராவிடன்ஸுக்கு அவரை இரவல் கொடுத்துவிட்டார்கள்! 2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் லீகிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. ஜனவரி 7 அன்று, தமது 25-ஆம் வயதில், முதன்முறையாகத் தொடக்கம் முதலே அவரை நிறுத்தினார்கள். பிலடெல்பியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. ஜூன் 12 அன்று இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 4-1 என்று வென்று, செயின்ட் லூயிஸ் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. அன்றும் கோலைக் காத்தவர் அவரே.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முழு வாழ்வையும் கீழ் லீகிலேயே ஆடி முடித்தவர்கள் அநேகர். பலருடைய ஒப்பந்தத்தில் மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஆடினால் அதைவிட மிகக் குறைந்த சம்பளம் என்று எழுதியிருக்கும். பழுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே செலவைக் குறைக்கும் முதலாளிக்கும் அங்கு இடமுண்டு. ஆனாலும் நாற்றங்கால் இல்லாமற் போவதைவிட, குறையுள்ள நாற்றங்கால் மேல்.

அது இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதைப் பெண்களிடம் கேட்க வேண்டும். ஜெசிக்கா காம்ப்பெல் கனடா நாட்டு அணிக்காக ஆடியவர். பின்னர் ஸ்கேட்டிங் கற்பித்தவர். 2022-இல் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் (ஆம், பாலைவனத்தில்தான்!) கோச்செல்லா வேலி என்னும் புதிய கீழணி தோன்றியது. அதன் துணைப் பயிற்சியாளராக அவரை நியமித்தார்கள். அந்த லீகில் முழுநேரத் துணைப் பயிற்சியாளரான முதல் பெண் அவரே. எந்த அணியும் தேர்ந்தெடுக்காத டை கார்ட்டியே என்ற இளைஞர் அங்கு முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். 2023-இல் காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக மேலணியான சியாட்டிலுக்கு அழைக்கப்பட்டு, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அவருக்குப் பின்னாலேயே 2024-இல் காம்ப்பெலும் சியாட்டில் அணிக்கு உயர்ந்தார். மேல் லீகின் முதல் முழுநேரப் பெண் துணைப் பயிற்சியாளர் ஆனார். இரண்டு ஆண்டுகள் கீழே உழைத்ததனால் அவருக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஆனால் அவர் ஏறிய ஏணி ஆண்களின் ஏணி. பெண்கள் ஆடுவதற்கென 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு ஒரு தொழில்முறை லீக் தொடங்கியது. 2025-26 பருவத்தில் அணிகள் எட்டாயின. மகிழ்ச்சிதான். எனினும் தொடங்கியபோது அதன்கீழ் இரண்டாம் படி ஒன்று அமைக்கப்படவில்லை. இருபத்திரண்டு வயதில் கல்லூரி ஆட்டம் முடிந்து வரும் பெண்ணுக்கு அணியில் இடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும், அல்லது ஆட்டத்தை விட்டு வேலை தேட வேண்டும். பின்னிங்டனுக்குக் கிடைத்த அந்த ஏழாண்டுகளை அவளுக்கு யார் கொடுப்பார்? அவளிடம் “இன்னும் கீழ் லீகில்தானா?” என்று கேட்கக்கூட ஒரு லீக் வேண்டாமா?

அணிகளே எட்டுத்தான், பணமும் இல்லை, இரண்டாம் படிக்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்வார்கள். ஆண்களின் இரண்டாம் லீகுக்கு 1936-இல் வித்திட்டபோது மேல் லீகில் இருந்தவையும் எட்டு அணிகளே.