பாரீசிலிருந்து பாகூர்வரை

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் பிள்ளைகளைப் பிரான்சில் விட்டிருக்கும் குடும்பங்கள் பல. இங்கே துக்கம் நேர்ந்தால், அடக்கத் திருப்பலிக்கு நேரம் குறிப்பதில் கணக்குத் தவறிப் பின்னர் கலங்குவோரைக் கண்டிருக்கிறோம். பாரீசு விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கும் நில்லாது பறந்தால் ஏறத்தாழ 10 மணி நேரம். ஆனால் பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணியன்றோ! குளிர்காலத்தில் நம் கடிகாரம் பாரீசைவிட நாலரை மணி முந்தியது; கோடையில் மூன்றரை. ஆகவே மார்கழியில் அங்கே காலை 10 மணிக்குப் புறப்படும் மகன் சென்னையில் இறங்கும்போது நள்ளிரவு கடந்து அரைமணி ஆகியிருக்கும். வழியில் விமானம் மாறினால் இன்னும் பிந்தும். பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு பாகூர் வந்து சேர விடிந்துவிடும். எனவே பங்குத்தந்தையிடம் மறுநாள் காலை என்றே நேரம் கேளுங்கள். தாயின் முகத்தை அவனும் பார்க்க வேண்டுமே.