வோட்டும் மனச்சாட்சியும்

கட்சியை விட்டவன் துரோகி என்பது கட்சித் தலைவர்களின் வாய்ப்பாடம். ஜனங்களும் அதை ஆராயாது ஒப்புவது தகாது. ஒரு பிரதிநிதி எக்கட்சியில் இருந்தார் என்பதைவிட, எப்பக்கம் வோட்டளித்தார், அதனால் எதை அடைந்தார், எதை இழந்தார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அமெரிக்க ஸெனேட் சபையில் ஆரிகன் ராஜ்யத்தின் பிரதிநிதியாயிருந்த வேய்ன் மார்ஸின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணம். குடியரசுக் கட்சியின் சார்பில் 1944-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1952-ல் அதைத் துறந்து சுயேச்சையானார். 1955-ல் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். மறு வருஷமே வோட்டர்கள் முன் நின்று வெற்றியும் பெற்றார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவரைச் சந்தர்ப்பவாதி என்று கருத இடமுண்டு.

ஆனால் 1964 ஆகஸ்ட் 7-ந் தேதியைக் கவனியுங்கள். வியட்நாமில் படைபலத்தைப் பிரயோகிக்க ஜனாதிபதி ஜான்ஸனுக்கு அதிகாரமளிக்கும் டாங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதி சபையில் 416 வோட்டுகளுடன், எதிர்ப்பே இன்றி நிறைவேறிற்று. ஸெனேட்டில் ஆதரவு 88, எதிர்ப்பு 2. அவ்விருவர் மார்ஸும் அலாஸ்காவின் குரூனிங்குமே. ஜான்ஸனோ அவர்களுடைய சொந்தக் கட்சித் தலைவர்! யுத்தம் தொடுக்கும் அதிகாரத்தைச் சட்டசபை ஒரு மனிதர் கையில் ஒப்படைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மார்ஸ் வாதித்தார். 1968-ல் இருவரும் பதவி இழந்தனர். 1971-ல் அத்தீர்மானமே ரத்தாயிற்று.

பதவிக்காகக் கட்சி மாறுபவன் பதவியைப் பெறுகிறான். கொள்கைக்காக மாறுபவன் அதை இழக்கவும் துணிகிறான். இவ்விருவரையும் பிரித்தறிய விரும்பும் வோட்டர்கள் மேடைப் பேச்சை விட்டு வோட்டுக் கணக்கைப் பார்ப்பார்களாக.