பட்டினி வைத்தியம்

நாட்டு நாய்க்குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டால் பட்டினி போட்டு மோர் வார்த்தால் போதும், நம் முன்னோர் ஊசி போட்டா நாய் வளர்த்தார்கள் என்று வினவும் அன்பர், 1978-ஆம் ஆண்டளவில்தான் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ வைரஸுக்கு, அதைக் கண்டேயிராத முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கிறார். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் அணுக்களையும் எலும்பு மஜ்ஜையையும் ஏககாலத்தில் நாசம் செய்து, வெள்ளையணுக்களைக் குறைத்து, குடலிலுள்ள பாக்டீரியா இரத்தத்தில் கலக்க வழிதிறந்துவிடும் அக்கிருமி, ஜாதி நாய், நாட்டு நாய் என்று பேதம் பார்ப்பதில்லை. வறண்டு துவண்ட குட்டி மோரையும் கக்கிவிடும். அதற்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதே பிரதான சிகிச்சை. பட்டினியோ, அன்பர் நினைப்பதற்கு நேர்விரோதமாக, இன்றைய வைத்தியர்கள் கைவிட்டுவரும் முறை. வாந்தியை அடக்கிச் சீக்கிரமே சிறிது சிறிதாக ஆகாரம் ஊட்டவே அவர்கள் சொல்கிறார்கள்.

தடுப்பூசி போட்ட குட்டியும் இறந்ததே என்கிறார். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியே ஊசி மருந்தைப் பயனற்றதாக்கும் வாரங்கள் உண்டு. ஆகையால்தான் 16 வாரம் நிறையும்வரை அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு மருந்தைப் பழிப்பது எவ்வகை நியாயம்? போகட்டும்; மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் இவ்வைரஸ் ஃபினைலுக்கு அடங்காது; அடுத்த குட்டியைக் கொணருமுன் அன்பர் தம் முற்றத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவட்டும்.