பதினேழாயிரம் கட்டுரைகள் எழுதியவர்



ஐரோப்பியச் சிந்தனையாளர்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதோ, உங்கள் கையில் இருக்கிறது. வால்டேர், ரூசோ, தித்ரோ, ஓவியர் கோயா என்று பெரிய பெயர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அவர்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் என் பக்கத்தை, தனிக் கட்டுரை கிடைக்காத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவர் பெயர் லூயி தெ ழோக்கூர்.

தெனி தித்ரோவின் கலைக்களஞ்சியம் 1751இல் பாரிசில் வெளிவரத் தொடங்கியது. கடவுளைப் பற்றியும் அரசைப் பற்றியும் எழுதிய அதே நூல், காலுறை பின்னும் எந்திரம் எப்படி ஓடுகிறது என்பதையும் சொன்னது. 1772இல் வேலை முடிந்தபோது எழுத்துக்கு 17 தொகுதிகள், படங்களுக்கு 11 தொகுதிகள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் ஏறத்தாழ 17,000 கட்டுரைகள் ழோக்கூர் எழுதியவை. நான்கில் ஒரு பங்கு!

1704இல் பாரிசில், புராட்டஸ்டன்ட் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்க பிரான்சில் அந்த மதமே ஒரு சுமைதான். ஜெனீவாவில் இறையியலும், லைடனில் போயர்ஹாவ் என்ற பெரும் ஆசானிடம் மருத்துவமும் படித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து ஒரு மருத்துவ அகராதியை லத்தீனில் எழுதினார். ஆறு தொகுதிகள். அச்சிடுவதற்காகக் கையெழுத்துப் படியை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார். ஹாலந்துக் கரையருகே கப்பல் மூழ்கியது, அகராதியும் போயிற்று.

அதற்குப் பிறகு பேனாவைத் தொடாமல் இருந்திருந்தால் அவரை யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் தித்ரோவோடு வந்து சேர்ந்தார், ஊதியம் எதுவும் கேட்காமல்.

1758இல் இணை ஆசிரியர் தலாம்பேர் விலகிக்கொண்டார். 1759இல் அரசு வெளியீட்டு உரிமையை ரத்து செய்தது. பின்வாங்கியவர்கள் பலர். அந்த ஆண்டுகளில்தான் ழோக்கூர் மிக அதிகமாக எழுதினார். நான்கைந்து எழுத்தர்கள் சூழ, நாளுக்குப் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் படிப்பதும் சொல்லச் சொல்ல எழுதவைப்பதுமாக அவர் இருந்ததை தித்ரோ ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். அந்த எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுத்தவரும் ழோக்கூரே. பணம் போதாமல் பாரிசில் இருந்த தம் வீட்டை விற்றார். அதை வாங்கியவர் லெ ப்ரெத்தோன், கலைக்களஞ்சியத்தால் செல்வம் சேர்த்த பதிப்பாளர்களில் ஒருவர். எழுத்தோடும் அச்சோடும் வாழும் எனக்கு, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

சுயமாகச் சிந்தித்தவர் அல்லர், பிறர் நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தவர் என்பது அவர்மீதுள்ள குற்றச்சாட்டு. பெருமளவு உண்மைதான். தித்ரோவே அந்தக் கடிதத்தில் அவரைச் சற்றுக் கேலியாகத்தான் பேசுகிறார். ஆனால் அடிமை வணிகத்தைப் பற்றி ழோக்கூர் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். மனிதரின் சுதந்திரம் விலைக்கு வாங்கவும் விற்கவும் கூடிய பொருள் அல்ல, விற்கப்பட்ட மனிதர் எந்த நேரத்திலும் தம் விடுதலையைக் கேட்கலாம், இந்தக் கொடுமையால்தான் குடியேற்ற நாடுகள் பிழைக்கும் என்றால் அவை அழியட்டும் என்கிறது அது. இந்த வாதத்தின் பெரும்பகுதி ஜார்ஜ் வாலஸ் என்ற ஸ்காட்லாந்துச் சட்ட அறிஞருடையது. அங்கே அது ஒரு சட்ட நூலுக்குள் இருந்தது. ழோக்கூர் அதை எடுத்து, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வதைத்துப் பணம் குவித்துக்கொண்டிருந்த பிரான்சிலேயே, ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். பிரான்ஸ் அடிமை முறையை இறுதியாக ஒழித்தது 1848இல்தான். கருத்தை முதலில் நினைத்தவரைப் போற்றுகிறோம். அதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தவருக்கும் அதே மரியாதை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனைவிமீது கணவனுக்குள்ள அதிகாரம் இயற்கை வகுத்ததுதானா என்று கேள்வி எழுப்பிய கட்டுரையும் இவருடையதே.

உரிமை ரத்தானபோது எஞ்சியிருந்த பத்து எழுத்துத் தொகுதிகளும் 1765 முதல் சந்தாதாரர்களைச் சேர்ந்தன, பொய்யான ஊர்ப் பெயரை முகப்பில் தாங்கி. எட்டாம் தொகுதியின் முன்னுரையில், கரையைக் கண்டோம் என்றால் அது ழோக்கூரால்தான் என்ற பொருள்பட தித்ரோ நன்றி சொன்னார்.

உள்ளே தித்ரோ கட்டுரையைப் படிக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் எழுத்தர்கள் சூழ அமர்ந்திருக்கும் இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடிமை வணிகக் கட்டுரையை முழுமையாகத் தமிழில் தரும் பணி தொடங்கிவிட்டது. அடுத்த இதழில் எதிர்பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்