அப்பாவின் இரண்டடிக் கடல்

காலை நிகழ்ச்சி செய்கிற எனக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. அதனால் வீட்டில் யாராவது லேசாகக் கனைத்தால்கூட என் காது நிமிர்ந்துவிடும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. உதடு கொஞ்சம் எரியுது. தொட்டித் தண்ணி வாய்க்குள்ள போயிருச்சு."

எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் ஒரு கடல் இருக்கிறது. 60 செண்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 45. கணக்குப் போட்டால் சுமார் 120 லிட்டர். 2020இல் கிருமிப்பரவல் நேரத்தில் எல்லாரும் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டபோது, என் தம்பி மட்டும் பவளம் வளர்க்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் பெர்த்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், பத்துப் பன்னிரண்டு பவளங்கள், எல்லாம் அப்பாவின் தலையில் விழுந்தன. மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்திருந்த மனிதர், இப்போது சிராங்கூன் நார்த் மீன்கடைகளில் பையன்களோடு நின்று உப்பின் அளவைப் பற்றி வாதாடுகிறார்.

பவளத் தொட்டியில் மீனின் கழிவும் மிச்ச உணவும் மணலில் தங்கி, அழுகி, நைட்ரேட்டாக மாறும். அதனால் வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய உப்புநீரை ஊற்ற வேண்டும். எங்கள் தொட்டிக்கு 12 லிட்டர். இதற்கு அப்பாவிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாயும் அவருடைய வாயும்தான். ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுப்பார். தண்ணீர் வரத் தொடங்கியதும் வாளிக்குள் விடுவார். அன்று ஒரு நொடி தாமதம், அவ்வளவுதான்.

சாதாரண மீன்தொட்டி என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தம்பி ஆசையாக வாங்கி வைத்தவற்றில் 'ஸோவா' என்று கடைக்காரர்கள் சொல்லும் பவளமும் உண்டு. பச்சையும் ஆரஞ்சுமாகச் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரியும், பார்க்க அத்தனை அழகு. அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் இந்த இனம் ஒன்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெந்நீர் ஊற்றினாலும் அழியாது. மாறாக, ஆவியோடு காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

அப்பாவின் உதடு மறுநாள் சரியாகிவிட்டது. வெறும் உப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரவு நான் தூங்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 12 லிட்டர் என்றால் 12 கிலோ. அதைக் குளியலறையிலிருந்து தூக்கி வந்து இடுப்பு உயரத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்பாவுக்கு முதுகெலும்பில் தேய்மானம், கனம் தூக்கக்கூடாது என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லியாகிவிட்டது. காணொளி அழைப்பில் தம்பி, "வித்துடலாம்பா, நல்ல விலை வரும்" என்றான். அப்பா மறுத்துப் பேசவில்லை. திரும்பித் தொட்டியைப் பார்த்தார். அம்மா போன பிறகு வீட்டில் அவர் பேச்சுக்குப் பதில் மாதிரி ஏதோ அசைவது அந்தத் தொட்டிக்குள்தான் என்பது தம்பிக்குத் தெரியாது. அவன்தான் வீட்டில் இல்லையே.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் நேராக மீன்கடைக்குப் போனேன். பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்று, முப்பது வெள்ளிக்குள். கைப்பிடியில் சின்ன மோட்டார், கீழே ஒளி ஊடுருவும் குழாய், நடுவில் ஒரு துணிப்பை. மணலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அழுக்கு பையில் தங்கும், தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே போகும். வாளியே வேண்டாம்! பெரிய சாதனை செய்தவள்போல அப்பாவிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா சோதனைக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். நைட்ரேட்டின் சிவப்பு ஏறியிருந்தது. "அழுக்கைத்தான் இது எடுக்குது. தண்ணில கரைஞ்சத எடுக்கலியே" என்றார். ஊடகப் படிப்பு படித்த நான் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து வாங்கினேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவர் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தார். இந்த வகைப் பம்பு வாரத்தின் நடுவே மணலைத் துப்புரவாக்க நல்லது. தண்ணீர் மாற்றும் வேலையை இது செய்யாது.

அடுத்து வாங்கியது தண்ணீரை வெளியே தள்ளும் வகை. கூடவே நீளமான குழாயும். பொத்தானை அழுத்தியதும் ஓட்டம் பிடித்துக்கொள்ளும். வாயும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம். குழாயின் மறுமுனை குளியலறைத் தரையில். அது தொட்டியைவிடத் தாழ்வாக இருப்பதால், ஓட்டம் தொடங்கிய பிறகு பம்பை நிறுத்தினாலும் தண்ணீர் தானாகவே ஓடும். இது வசதிதான், ஆபத்தும் அதுவேதான். ஒருமுறை தொலைபேசியை எடுக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், கோமாளி மீன்கள் பாதித் தொட்டியில் நீந்துகின்றன. குழாய் போகிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள். மணலும் சேர்ந்து ஏறினால் குழாயை விரலால் லேசாக மடக்குங்கள். ஓட்டம் குறைந்து மணல் கீழே விழும், அழுக்கு மட்டும் போகும்.

புதிய தண்ணீரை ஏற்றுவதற்கு இன்னொரு பம்பு. பூந்தொட்டி வைக்கும் சக்கரப் பலகையில் ஒரு வாளி. குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால் வடிகட்டிய நீரில்தான் கலக்கிறோம். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல் உப்பு, அளவுமானியில் 1.025, தொட்டியின் வெப்பநிலையும் வாளியின் வெப்பநிலையும் ஒன்றாக. அப்பா வாளியைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டியருகே நிறுத்துவார். பம்பு மெதுவாக ஏற்றும். மெதுவாக ஏற்றுவதே நல்லது, பவளங்கள் பயந்து சுருங்குவதில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தி கேட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இந்த இரண்டாவது வேலைக்கு வாகன எண்ணெய் மாற்றும் பேட்டரிப் பம்பைச் சிலர் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதில் செம்போ பித்தளையோ இருந்தால் வேண்டவே வேண்டாம். செம்பு துளி கரைந்தாலும் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் எமன்.

முதல் பம்பு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? செத்துப்போனது. தப்பு என்னுடையது. வேலை முடிந்ததும் ஈரத்தோடு, பேட்டரியோடு அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சுருள்கம்பியில் பச்சைப் பூஞ்சணம்போல அரிப்பு, விசிறியைச் சுற்றி வெள்ளை உப்பு. உப்புநீர் காய்ந்தாலும் உப்பு காயாது. இப்போது அப்பா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் பம்பை நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓடவிடுவார். பேட்டரியைக் கழற்றுவார். தலைகீழாக நிறுத்திக் காயவைப்பார். உப்பு கெட்டியாகப் பிடித்தால், மோட்டாரில் படாமல், விசிறியை மட்டும் தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைப்பார். பேட்டரிப் பகுதி எந்நேரமும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று கைப்பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறார். நெயில் பாலிஷ் என்னுடையது.

மறுமுறை மின்னேற்றும் பேட்டரி போட்டால் வேகம் சற்றுக் குறையும். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். எங்கள் அளவுத் தொட்டிக்கு அது போதும். நான்கடித் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம், கை வலிக்கும், பொறுமையும் போகும்.

மின்தடைக்கு உதவும் பேட்டரிக் காற்றுப் பம்பு தனி ரகம். நம் ஊரில் மின்சாரம் போவது அபூர்வம்தான். ஆனால் வீட்டுக்குள் சுவிட்ச் விழுந்துவிட்டால் யார் கேட்பது? நீரோட்டம் நின்ற தொட்டியில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறோம். இதுவரை அதற்கு வேலை வரவில்லை. அப்பா மாதம் ஒருமுறை செருகியைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்கிறார்.

பாறையைத் தேய்ப்பதும் ஸோவாவை நகர்த்துவதும் இப்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான். வெந்நீருக்கு வீட்டில் தடை.

தம்பி போன வாரம் மறுபடி அழைத்தான். தொட்டியை வாங்க ஒருவர் இருப்பதாகச் சொன்னான். அப்பா கைபேசியைத் தொட்டிக்கு முன்னால் பிடித்து, இறால் சட்டை உரித்திருப்பதைக் காட்டினார். விலை பற்றி இருவருமே அப்புறம் பேசவில்லை. அழைப்பு முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

"உங்க நிலையத்துல மைக்குக்குப் போடறதும் இந்த அளவு பேட்டரிதானேம்மா? ரெண்டு கொண்டாயேன்."

"அது ஆபீஸ் சொத்துப்பா."

"பழசா இருந்தாலும் பரவால்ல."

பழையதை மின்கழிவுப் பெட்டியில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.