பகடையும் பாத்திரத்தின் உயிரும்

நால்வர் ஐவர் மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, உரையாடியே கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் படைத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. நடுவர் ஒருவர் உலகையும் பகைவரையும் விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலைச் சொல்வர். ஐயமான இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். சொல்லே களமாகிய இவ்விளையாட்டு, இலக்கிய மாணவர் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

இதில் தொடக்கம் முதலே ஒரு வினா உண்டு. பாத்திரம் எவ்வளவு எளிதில் இறக்கலாம்?

முதற்பதிப்பின் விடை கடுமையானது. தொடக்கநிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகள், அறுமுகப் பகடை ஒன்று காட்டும் எண்ணளவே. பகைவனின் ஓர் அடியும் அதே பகடையால் அளக்கப்பட்டது. ஆகவே ஒரே அடியில் கதை முடியலாம். 1977-இல் வந்த 'டிராவலர்' விளையாட்டிலோ, பாத்திரத்தின் முன்வாழ்வை வகுக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன் அது மாண்டுபோகவும் கூடும்.

2014-ஆம் ஆண்டுப் பதிப்பு மறுகரையில் நிற்கிறது. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தாலும் பாத்திரம் பெரும்பாலும் உடனே இறப்பதில்லை. தன் முறைதோறும் இருபது முகப் பகடை உருட்டப்படும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி பெற்றால் உயிர் நிலைக்கும். மூன்று தோல்வியுற்றால் பிரியும். இடையில் தோழர் விரைந்து காக்கலாம்.

இவற்றுள் எது நன்று? சாவே நேராத ஆட்டத்தில் துணிவுக்குப் பொருளில்லை. காரணமின்றிச் சாவு நேரும் ஆட்டத்தில் அறிவுக்குப் பொருளில்லை. எனவே இறப்பின் எண்ணிக்கையன்று, இறப்பின் காரணமே அளவுகோலாக வேண்டும் என்பது என் கருத்து.

கைகாக்ஸ் 1975-இல் போட்டி ஒன்றுக்குப் பயன்படுத்தி, 1978-இல் அச்சில் வெளியிட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கல்லறையில், வாய் பிளந்த பசும்பேய் முகமொன்று உண்டு. அவ்வாய்க்குள் நுழைந்தவன் தடமின்றி அழிவான். கோலை நீட்டிப் பார்ப்பவனோ கோலை மட்டுமே இழப்பான். முன்யோசனைக்கு அங்கும் இடமிருக்கிறது. ஆயினும் பின்விளைவு பற்றிய குறிப்பை இன்னும் தெளிவாகத் தந்திருத்தல் வேண்டும்.

'உண்மை வாழ்வில் மரணம் சொல்லிக்கொண்டா வருகிறது?' எனச் சிலர் வினவலாம். வாழ்வை வகுத்தவர் நாமல்லர். விளையாட்டை வகுப்பவர் நாமே. பல மாதம் ஒருவர் பேணி வளர்த்த பாத்திரத்தைப் பறிக்கும்போது, அதற்கு நியாயம் சொல்லும் கடமை நமக்குண்டு. ஆபத்து முன்னரே தோன்றட்டும், பின்வாங்க வழியிருக்கட்டும், அறிந்தே துணிந்தவனின் முடிவை மட்டும் நடுவர் இரக்கத்தால் மாற்றாதிருக்கட்டும். அதுவே நடுநிலை.